மூட்டை தூக்கும் காய் செய்யும் மாயம் தெரியுமா?

முறை வைத்து ஆடும் உத்தி விளையாட்டு என்றதும் உங்கள் கண் எந்தக் காயில் விழும்? டாங்கியிலா? பீரங்கியிலா? குதிரைப் படையிலா? ஆயுதம் இல்லை, கவசம் இல்லை, எதிரி ஒரு தட்டுத் தட்டினால் ஆள் காலி! அப்படியொரு காய் ஓரமாக ஊர்ந்து ஊர்ந்தே முழு ஆட்டத்தையும் வென்று கொடுக்கும் என்றால் நம்புவீர்களா?

1999இல் பிரையன் ரெனால்ட்ஸ் வடிவமைத்து ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கிய ‘அல்பா சென்டோரி’ விளையாட்டில் இது நடக்கிறது. காயின் பெயர் சப்ளை குரோலர். அதை ஒரு கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தி, உணவா, கனிமமா, சக்தியா என்று ஒன்றைத் தேர்ந்துவிட்டால் போதும். அந்த வளம் ஒவ்வொரு முறையும் நகரத்துக்கு வந்துகொண்டே இருக்கும். அங்கே உழைக்க ஒரு குடிமகனும் வேண்டாம்! நகர எல்லைக்கு அப்பாலுள்ள கட்டமானாலும் பரவாயில்லை! மூன்று வளமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடக்கும் கட்டத்தில் நிறுத்துகிறவர் ஏமாந்தார். அள்ளப்போவது ஒன்றைத்தானே? ஒரே வளம் கொட்டிக் கிடக்கும் கட்டமாகப் பார்த்து, பாறை நிலத்தில் சுரங்கம் போட்டு, அங்கே ஒன்றை நிறுத்துகிறவர்தான் கெட்டிக்காரர்.

பொறுங்கள், இன்னும் இருக்கிறது. வேறு எந்தக் காயையும் நகரத்தில் கலைத்தால் அதற்குச் செலவழித்ததில் பாதிதான் கைக்கு வரும். குரோலரைக் கொண்டுபோய் ‘இரகசியத் திட்டம்’ ஒன்றில் கலைத்தால் முழுவதும் சேரும்! இந்தச் சூட்சுமம் 1991இல் வந்த முதல் ‘சிவிலைசேஷன்’ விளையாட்டிலேயே உண்டு. அங்கே வணிக வண்டிகளை உலக அதிசயக் கட்டடங்களில் கரைக்கலாம். பல முறை காத்திருந்து எழுப்ப வேண்டிய பிரமிட்டை, ஓசைப்படாமல் சேர்த்துவைத்த வண்டிகளைக் கொட்டிப் பழகிய ஆட்டக்காரர்கள் ஒரே மூச்சில் எழுப்பிவிடுவார்கள். எதிராளி வாயைப் பிளப்பார்.

இதற்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று விரிந்து கிடக்கும் அந்தப் பெருநிலத்தில் இந்தத் தந்திரங்கள் பல, கணினி என்று ஒன்று பிறக்கும் முன்பே நடந்து முடிந்தவை. சில நம் கண்ணெதிரிலும் நடந்தன. அங்கே பணயம் புள்ளிகள் இல்லை, உயிர்.

முதலில் யானைக்குப் போவோம். வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் பெரும் ஏற்றுமதிச் சரக்கு, தெரியுமா? வன்னியின் தலைவர்களான வன்னியர்கள் ஒல்லாந்தருக்குக் கட்ட வேண்டிய திறையே யானைதான்! பனங்காமம் போன்ற வன்னிமைகளிலிருந்து யானைகளை வடக்கே நடத்திக்கொண்டு போவார்கள். ஆனையிறவில் கடல்நீரேரியின் ஆழமில்லாத இடத்தில் இறக்கி, யாழ் குடாநாட்டுக்குள் ஏற்றி, ஊர்காவற்றுறையில் கப்பலில் சேர்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் நடந்த யானை விற்பனைக்குக் கோல்கொண்டாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வியாபாரிகள் வந்தார்கள். இதில் உள்ள கணக்கைக் கவனித்தீர்களா? பல தொன் எடையுள்ள சரக்கு. ஏற்ற வண்டி இல்லை, வண்டிக்குத் தெரு இல்லை. ஆனால் சரக்குக்கே நான்கு கால் இருக்கிறது! தானே நடக்கிற வளத்துக்குச் சுமை ஏற்றும் ‘ஏற்றுக்காய்’ செய்வது வீண் செலவு என்று எந்த விளையாட்டுக் கையேட்டையும் படிக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதிலும் ஒரு கொக்கி உண்டு. ஒரு யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி தின்னும். காட்டு வழியே நடக்கும்வரை காடு ஊட்டும், செலவில்லை. துறைமுகத்தில் கட்டிப்போட்ட நாளிலிருந்து கணக்கு ஏறத் தொடங்கும். கப்பல் பிந்தினால் இலாபத்தை யானையே தின்று முடித்துவிடும். விளையாட்டில் வேலையில்லாமல் நிற்கும் ஒவ்வொரு காயும் பராமரிப்புச் செலவு தின்கிறதே, அது இதுதான்.

பசளையும் தானே நடந்து வயலுக்கு வருமா? வரும்! வன்னியில் மாட்டுப் பட்டி அடைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விதைப்புக்கு முன் பட்டிக்காரரோடு பேசி, இராத்திரியில் மாடுகளை வயலுக்குள் அடைத்துவைப்பார்கள். நாலைந்து நாளில் பட்டியை அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். எருவை அள்ளி, ஏற்றி, இறக்கி, பரப்பி என்று எதுவுமில்லை. ஏற்றுகூலி பூச்சியம்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். வன்னியில் மிக அதிகமான பாரத்தைச் சுமக்கும் ‘வாகனம்’ எது தெரியுமா? இரணைமடுவின் வாய்க்கால்! கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடித்த குளம் அது. பிறகு பல தடவை அணையை உயர்த்தினார்கள். இன்று நிரம்பினால் 10 கோடி கனமீற்றருக்கும் மேல் தண்ணீர் நிற்கும். ஒரு கனமீற்றர் தண்ணீர் ஒரு தொன். அப்படியானால் 10 கோடி தொன்! பத்துத் தொன் ஏற்றும் லொறியில் அள்ளுவதானால் ஒரு கோடி நடை! அத்தனையையும் இடதுகரை வாய்க்காலும் வலதுகரை வாய்க்காலும் ஒரு சொட்டு டீசல் இல்லாமல் வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. கதவைத் திறக்க ஓர் ஆள், முறைத் தண்ணீரைப் பங்கிட ஒரு கமக்காரர் அமைப்பு. மற்றதைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

தண்ணீரை அப்படியே கொண்டுபோவதா, நெல்லாக்கிக் கொண்டுபோவதா? இந்தக் கேள்வியைக் கேட்டால் தலை சுற்றும். ஒரு கிலோ அரிசி விளைவிக்க ஏறக்குறைய 2,500 லீற்றர் தண்ணீர் செல்லும் என்பது உலகக் கணக்கு. பத்துத் தொன் அரிசி ஏற்றிய ஒரு லொறி ஏ-9 வீதியில் உங்களைக் கடந்து போகிறதா? அதற்குள் 25,000 தொன் தண்ணீர் ஒளிந்து போகிறது! வளத்தைப் பச்சையாகச் சுமக்காதே, சுருக்கிச் சுமந்து செல் என்பது விளையாட்டுக்கும் பொருந்தும். ஆனால் சுருக்குவதையும் எங்கே செய்கிறோம் என்று பார்க்க வேண்டுமே! 100 கிலோ நெல்லைக் குத்தினால் அரிசியாக மிஞ்சுவது 65 கிலோ அளவுதான். மிச்சம் உமியும் தவிடும். காலபோக அறுவடை முடிந்த கையோடு வன்னி நெல் மூட்டை மூட்டையாகத் தென்பகுதி ஆலைகளுக்குப் போகும். பிறகு அரிசியாகி, பளபளக்கும் பையில் ஏறி, வடக்கே திரும்பி வரும். போகும்போது உமிக்கும் கூலி, வரும்போது பைக்கும் கூலி! விளையாட்டில் இப்படி ஆடுகிறவரை நாம் என்ன சொல்லிச் சிரிப்போம்? ஆலை வயலோரத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

ஒரு நகரத்து வளத்தை இன்னொரு நகரத்துக்குத் திருப்பிவிடும் வசதியும் குரோலருக்கு உண்டு. நிஜத்தில் அதைச் செய்யப் போனால் என்னவாகும்? இரணைமடுத் தண்ணீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் பற்றாமல் போகும் ஆண்டுகள் இருக்கையில் இது எப்படி என்று கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்துக்கென்று தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்தது. 2024 ஓகஸ்டில் திறந்துவைத்தார்கள். கொடுக்கிற நகரம் பட்டினி கிடந்தால் ஆட்டம் அங்கேயே கவிழும் என்பதைக் கமக்காரர்கள் குளக்கட்டில் நின்றே சொல்லிவிட்டார்கள்.

வளம் இருக்கும் இடத்துக்கே தொழிற்சாலையைக் கொண்டுவந்த கதையும் இங்கே உண்டு, தெரியுமா? ஆனையிறவில் உப்பு. அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கே பரந்தனில், 1950களில், அந்த உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் இரசாயனத் தொழிற்சாலை! உப்பைக் கொழும்புவரை சுமக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. போர் அந்தத் தொழிற்சாலையை விழுங்கிவிட்டது. ஆனால் இடத்தைத் தேர்ந்த மூளைக்கு ஒரு சபாஷ்.

இனி ரயில். வடக்குப் பாதை 1905இல் முழுமையாக ஓடத் தொடங்கியது. யாழ்தேவி புறப்பட்டது 1956 ஏப்ரல் 23. 1990 ஜூனோடு வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. அதன் பிறகு அந்தத் தண்டவாளங்களுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின! சிலிப்பர் கட்டைகள் சுவராகின! குண்டுக்குத் தாக்குப்பிடிக்க இரும்பும் முதிரைக் கட்டையும்போல எது கிடைக்கும்? குரோலரைக் கலைத்துத் திட்டத்தில் போடும் அதே கணக்கு. சுமக்க முடியாமல் போன பாதை, காக்கிற பொருளாக மாறிவிட்டது. ஆனால் விளையாட்டில் கலைத்த காயை அடுத்த முறையே திரும்பக் கட்டலாம். இங்கே இந்தியாவின் கடனுதவியோடு இர்கொன் நிறுவனம் பாதையை அடியிலிருந்து போட வேண்டி வந்தது. கிளிநொச்சிக்கு ரயில் திரும்பியது 2013 செப்டெம்பர் 14. பளைக்கு 2014 மார்ச் 4. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2. ஒரு தலைமுறையே ரயிலைப் படத்தில் பார்த்து வளர்ந்துவிட்டது!

ஏற்றுக்காயையே உணவாக்கிய கதையும் உலகத்தில் உண்டு. தென் துருவத்தை 1911 டிசம்பர் 14இல் முதலில் தொட்ட அமுண்ட்சென் 52 நாய்களோடு புறப்பட்டு 11 நாய்களோடு திரும்பினார். மற்றவை? சறுக்குவண்டியின் பாரம் குறையக் குறைய, தேவைப்படாத நாய்கள் மனிதருக்கும் மற்ற நாய்களுக்கும் உணவாகின. புறப்படும் முன்பே போட்ட கணக்கு அது! கேட்க நெஞ்சு கூசுகிறது, ஆனால் ஆள் உயிரோடு வீடு வந்தார். அவரோடு போட்டியிட்ட ஸ்கொட் முந்திய ஆண்டிலேயே ‘ஒரு தொன்’ களஞ்சியம் ஒன்றைப் பனியில் வைத்திருந்தார். குதிரைகள் தளர்ந்துபோனதால் நினைத்த இடத்துக்குச் சுமார் 50 கிலோமீற்றர் முன்னதாகவே பொருளை இறக்கினார். 1912 மார்ச்சில் அவரும் கடைசி இரு தோழர்களும் கூடாரத்துக்குள் இறந்தபோது அந்தக் களஞ்சியம் எவ்வளவு தூரத்தில் இருந்தது தெரியுமா? சுமார் 18 கிலோமீற்றர்! நினைத்த இடத்தில் வைத்திருந்தால் அதை எப்போதோ அடைந்திருப்பார்கள்.

திரும்ப வன்னித் தெருவுக்கு வருவோம். 2016இன் ‘சிவிலைசேஷன் 6’ விளையாட்டில் வணிக வண்டி போகிற வழியெல்லாம் தானாகத் தெரு முளைக்கும். ஆகா, எவ்வளவு சுகம்! நிஜத்தில் தெரு என்பது திறந்தால்தான் தெரு. கண்டி–யாழ்ப்பாண ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். போர்நிறுத்தத்துக்குப் பிறகு 2002 ஏப்ரல் 8இல் யாழ்ப்பாணம்வரை திறந்தது. 2006 ஓகஸ்ட் 11இல் மூடியது. மூடிய மறுநாளிலிருந்து குடாநாட்டுக்கு அரிசியும் மாவும் கப்பலில் வர வேண்டியதாயிற்று. விலை எங்கே போயிருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்?

திறந்திருந்த காலத்திலும் ஒரு வேடிக்கை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் லொறி நிற்கும். மூட்டைகளை இறக்குவார்கள். பார்ப்பார்கள். திரும்ப ஏற்றுவார்கள். மாவு மூட்டை ஒன்று கொக்கி குத்திக் கிழிந்தால் அள்ளி நிரப்பிக் கோணி ஊசியால் தைப்பார்கள். வெயில் ஏறும், மரக்கறி வாடும், சாரதி லொறிக்கு அடியிலுள்ள நிழலில் பாய் விரித்துப் படுத்துவிடுவார். ஓடுகிற தூரத்தால் சரக்கின் விலை ஏறுவதைவிட, கை மாறுகிற இடங்களால் ஏறுவது அதிகம். விளையாட்டிலும் வண்டியிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து வண்டிக்கு என்று மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு முறை பறிபோகும். சுற்றுவழியானாலும் ஏற்றினால் ஏற்றியபடி போய்ச் சேரும் பாதையைப் பாருங்கள்.

இடுக்கு ஒன்று இருந்தால் என்னவாகும் என்பதற்கு முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தைவிடச் சாட்சி வேண்டுமா? பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்கு வரும் ஏ-35 வீதி, நந்திக்கடலைத் தாண்டும் இடம் அது. ஒரு வாகனம் வந்தால் மற்றது கரையில் காத்துநிற்க வேண்டிய ஒடுங்கிய பாலம். மாரியில் தண்ணீர் மேலேறினால் அதுவும் இல்லை. வீதியெல்லாம் காப்பெற் போட்டு மினுக்கினாலும் அந்த ஒரு துண்டு எவ்வளவை விடுகிறதோ அவ்வளவுதான் முழு வீதியின் பலம்! 2025இல்தான் புதிய பாலத்துக்கு வேலை தொடங்கியது. ஆட்டத்தில் பத்து ஏற்றுக்காய் செய்துவிட்டு அவற்றை ஒற்றைக் கட்டக் கணவாய்க்குள் விடுகிறவர்கள் இந்தப் பாலத்தை ஒருதரம் வந்து பார்க்கலாம்.

எரிபொருள் இல்லாமல் வாகனம் ஓடுமா? வன்னி ஓட்டியது! 1990களில் பெற்றோல் போர்க்காலத் தடைப் பட்டியலில். கிடைத்த கொஞ்சத்துக்கும் யானை விலை. என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்கியில் மண்ணெண்ணெய். சட்டைப் பையில் சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பீச்சி, உதைத்து எழுப்பி, எஞ்சின் சூடு பிடித்ததும் அது மண்ணெண்ணெயில் தன் பாட்டில் ஓடும்! காரணம் எளிது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில் ஆவியாகும். முதல் மூச்சுக்கு மட்டும் பெற்றோல் வேண்டும். சமையல் எண்ணெயைக் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. தெருவெல்லாம் வடை சுட்ட வாசம் அடிக்கும். புதிய எஞ்சின்கள் இதைத் தாங்காமல் தட்டித் தட்டி உயிரை விட, அழுத்தம் குறைந்த பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் ராசா மாதிரி ஓடின. தொழில்நுட்பம் கூடிய காய்தான் எப்போதும் சிறந்தது என்று நினைக்கும் ஆட்டக்காரர்களே, கவனித்தீர்களா?

2001இல் வந்த ‘அட்வான்ஸ் வோர்ஸ்’ விளையாட்டில் ஏபிசி என்றொரு வண்டி. சுடத் தெரியாது. பக்கத்தில் நிற்கிற காய்களுக்கு எரிபொருளும் வெடிபொருளும் நிரப்பும். அதை அலட்சியம் செய்தவருடைய விமானங்கள் எரிபொருள் தீர்ந்து பொத்தென்று விழும், கப்பல்கள் தாழும். 2022இல் இலங்கை முழுவதும் அந்த நிலைக்கு வந்தது நினைவிருக்கிறதா? ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். நாடு திகைத்தது. வன்னிக்காரர் கொட்டிலின் வளையில் கொளுவியிருந்த சைக்கிளை இறக்கிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்கள்.

சைக்கிளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விறகு கட்டும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? கரியரின் இரு பக்கமும் கட்டைகளை நெடுக்காக அடுக்கி, ரியூப் றப்பரால் இறுக்கி, மேலே குறுக்காக இன்னொரு அடுக்கு. சீற்றில் ஆள் ஏறுவதில்லை. ஒரு கை கைப்பிடியில், மற்றக் கை பாரத்தில், நடந்தபடி தள்ளிக்கொண்டு போவார்கள். களைத்தால் கவட்டைத் தடி ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு மூச்சு வாங்குவார்கள். ஆள் சுமப்பதைவிடப் பல மடங்கு பாரம். சோறுதான் எரிபொருள்! இதே தள்ளுசைக்கிள்தான் 1954இல் வியட்நாமின் டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையைத் திகைக்கவைத்தது. கைப்பிடியிலும் சட்டத்திலும் மூங்கில் கட்டி, 200 கிலோவுக்கு மேல் ஏற்றி, மலைப்பாதையில் இரவிரவாகத் தள்ளினார்கள். லொறி போக முடியாத தடத்தில் சைக்கிள் போனது. குண்டு விழுந்தால் அழிவது ஒரு சைக்கிள்தான், அணி தொடர்ந்து போகும். பெரிய காய் ஒன்றா, சின்னக் காய் பலவா என்ற நித்திய விவாதத்தில் நான் சின்னக் காய்க் கட்சி.

கடல் வழி? ‘சிவிலைசேஷன் 5’ விளையாட்டின் 2013 விரிவாக்கத்தில் சரக்குக் கப்பல் தரைவண்டியைவிட இரட்டிப்பு வருமானம் தரும், இரட்டிப்புத் தூரமும் போகும். முல்லைத்தீவு அதை 1803இலேயே பார்த்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 25இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தபோது ஆங்கிலேயத் தளபதி ட்றிபேர்க் எப்படித் தப்பினார் தெரியுமா? படகேறி யாழ்ப்பாணத்துக்கு! தரை முழுவதும் வன்னியன் கையில் இருந்தும் கடல் திறந்திருந்தது. தப்பிப்போன அதே ட்றிபேர்க் திரும்பி வந்தார். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று திசையிலிருந்து படை நகர்ந்தது. ஒக்டோபர் 31 விடியலில் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்றான். கோட்டையைப் பிடித்தவன் துறையையும் அடைத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

பிறகு ஒரு காலம், தரையும் அடைபட்டுக் கடலும் அடைபட்டபோது, மக்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையிலுள்ள நீரேரியையே தெருவாக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் கொம்படி–ஊரியான் பாதையில் முழங்காலளவு தண்ணீருக்குள் சைக்கிளும் உழவு இயந்திரமும் போயின. அதுவும் மூடியபின் கிளாலியில் இரவுப் படகுகள். இயந்திரம் பூட்டிய படகு ஒன்று முன்னே போக, இயந்திரமில்லாத படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் தொடுத்து இழுத்தார்கள். ஒரு எஞ்சினில் ஒரு ரயில்! விளக்குக் கொளுத்தக் கூடாது, பேசக் கூடாது. அந்த ஏரியில் போய்ச் சேராத படகுகளும் உண்டு.

போர் முடிந்த 2009ஐ இந்த உற்சாகக் குரலில் சொல்ல முடியாது, சொல்லாமலும் விட முடியாது. உலக உணவுத் திட்டத்தின் லொறித் தொடர்கள் வவுனியாவிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. அந்த ஜனவரிக்குப் பிறகு தரைவழி நின்றுபோனது. பெப்ரவரி முதல் மே வரை, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு வாடகைக்கு எடுத்த ‘கிரீன் ஓஷன்’ கப்பல் முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு வந்து போயிற்று. அங்கே துறைமுகம் இல்லை. காயப்பட்டவர்களை மீன்பிடி வள்ளங்களில் ஏற்றி, ஆழத்தில் நின்ற கப்பலுக்குக் கைமாற்றினார்கள். அதற்கு முந்திய மாதங்களில் வன்னித் தெருக்களில் ஊர்ந்த உழவு இயந்திரப் பெட்டிகளில் என்ன இருந்தன தெரியுமா? பானை சட்டி, நெல் மூட்டை, கோழிக்கூடு, அவற்றோடு கழற்றிய கூரைத் தகரமும் கதவு நிலையும். போகிற இடத்தில் மறுபடி வீடு கட்ட வேண்டுமே! சிலர் அதை எத்தனையோ தடவை கழற்றிப் பூட்டினார்கள்.

வெறும் வண்டி பற்றியும் ஒரு வார்த்தை. போகும்போது நிறைந்து, வரும்போது காலியாக ஓடும் லொறிக்குச் செலவு ஏறக்குறைய இரண்டு வழிக்கும் ஒன்றுதான். அதனால்தான் வன்னியிலிருந்து நெல்லும் மீனும் ஏற்றிப்போன லொறிக்காரர் திரும்பி வரும்போது சீமெந்தோ மரக்கறியோ தேடி அலைவார். விளையாட்டில் இரண்டு நகரத்துக்கும் ஒன்றுக்கொன்று தேவையான பொருளைப் பார்த்துப் பாதை போட்டால் ஒரே காய் இரண்டு காயின் வேலை செய்யும். இது தெரியாமல் ஆடுகிறவர்கள் ஏராளம்!

எவ்வளவு அவசரமான லொறியும் ஏ-9இல் எங்கே கட்டாயம் நிற்கும் தெரியுமா? முறிகண்டிப் பிள்ளையாரடியில்! சாரதி இறங்கித் தேங்காய் அடித்து, திருநீறு பூசி, ஒரு பை கச்சானோடு ஏறுவார். பஸ்ஸும் நிற்கும், வானும் நிற்கும், டிப்பரும் நிற்கும். நீண்ட ஓட்டத்தில் சாரதிக்கு வேண்டிய ஓய்வைப் பிள்ளையார் தன் கணக்கில் வாங்கிக் கொடுக்கிறார். எந்தப் போக்குவரத்துச் சட்டத்தாலும் முடியாத காரியம்!

சரி, யானை, மாடு, வாய்க்கால், ரயில், லொறி, சைக்கிள், வள்ளம் எல்லாம் பார்த்தாயிற்று. வன்னியின் மிகச் சிறந்த ஏற்றுக்காய் எது? என் தீர்ப்பு லான்ட்மாஸ்டருக்கு. அதுதான், இரண்டு சக்கர உழவு இயந்திரம். நீண்ட இரண்டு கைப்பிடி, முன்னால் டுக்குடுக்கென்று ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், பின்னால் ஒரு பெட்டி. வளைக்க வேண்டிய பக்கத்துக் கிளட்சைப் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் பாரத்தோடு இறங்கும்போது மட்டும் எல்லாம் தலைகீழ், தெரியுமா? இடது கிளட்சைப் பிடித்தால் வண்டி வலதுபக்கம் போகும்! பிடித்த பக்கத்துச் சக்கரம் எஞ்சினிலிருந்து விடுபட்டுச் சரிவில் முந்திக்கொண்டு உருளுவதால் வரும் விநோதம் அது. புதிதாய் ஓட்டுகிறவர் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பெட்டியில் இருப்பவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிடுவது இதனால்தான்.

காலையில் உழும். பகலில் மண்ணும் கல்லும் விறகும் நெல்லும் ஏற்றும். பின்னேரம் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கோயிலுக்குக் குடும்பத்தையே ஏற்றிப்போகும். நிறுத்திவைத்துப் பெல்ற் பூட்டினால் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும். மற்ற வாகனமெல்லாம் நின்றால் சும்மா நிற்கும். இது நின்றாலும் உழைக்கும். நகராத முறையிலும் வேலை செய்கிற காயை எந்த விளையாட்டில் கண்டாலும் யோசிக்காமல் முதலில் அதைக் கட்டுங்கள்.